பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் மீன்: ப்ளென்னியை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குட்டைகளைப் பார்க்கப் போவது என் நெடுநாள் பழக்கம். ஆனால் ப்ளென்னி என்ற மீனை உருப்படியாகப் பார்த்தது போன வருடம்தான். முழங்கால் ஆழம்கூட இல்லாத குட்டை. செத்துப்போன கொட்டலசின் ஓட்டுக்குள்ளிருந்து ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது. செங்குத்தான நெற்றி, தடித்த உதடு, கண்ணுக்கு மேல் சின்னச் சின்னக் குஞ்சங்கள். ஒரு கண் என்னைப் பார்க்க, இன்னொன்று வேறு பக்கம் சுழன்றது. என் நிழல் விழுந்ததும் உள்ளே போய்விட்டது. அசையாமல் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் தலை மறுபடி வந்தது.

வெளியே வந்தபோதும் அது நீந்தவில்லை. வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் விரல் மாதிரி மெலிந்தவை. அவற்றை ஊன்றி நிற்கும், துள்ளும், மறுபடி ஊன்றும். வளர்ந்த ப்ளென்னிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றுப்பை கிடையாது, அதனால் தரைதான் வாழ்க்கை. செதிலும் இல்லை. அலை அடிக்கும் பாறையில் உரசி உரசி வாழும் உடம்புக்கு வழவழப்பான கோழைதான் சட்டை.

டார்ச் அடித்தபோது பொந்தின் உள்சுவரில் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பெண் முட்டையிட்டுப் போய்விடும், காவல் இருப்பது ஆண். விலகாமல் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது, முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் கிடைக்க. அதைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. சில வருடங்களுக்கு முன் நண்டு தேடிக் கற்களைப் புரட்டிப் போட்டு, திருப்பி வைக்காமலே வந்திருக்கிறேன். அவற்றின் அடியில் எத்தனை முட்டைகள் வெயிலில் காய்ந்தனவோ. இப்போது எந்தக் கல்லையும் தொடுவதில்லை. தெரியாமல் தொட்டுவிட்டாலும், இருந்தபடியே வைத்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

* * *

நீங்கள் பார்த்தது சாது. நான் பார்த்தது வேஷம் போடுகிற வகை.

பவளப்பாறையில் சுத்தம் செய்யும் மீன்கள் தொழில் நடத்தும் இடம் ஒன்று உண்டு. பெரிய மீன்கள் தாமாகவே வந்து காத்து நிற்கும். அன்று ஒரு கலவா வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நீலமும் கறுப்புமாகக் கோடு போட்ட விரல் நீள மீன் அதன் வாய்க்குள்ளேயே போய் ஒட்டுண்ணிகளைக் கொத்தியது. அப்புறம் பக்கவாட்டில் அதே கோடு, அதே ஆட்டத்தோடு இன்னொன்று வந்தது. வாடிக்கையாளராக நின்ற வேறொரு மீன் திடீரென்று துள்ளி ஓடியது. வால் துடுப்பின் ஓரத்தில் துளி காணோம்! வந்தது அஸ்பிடோன்டஸ் என்ற ப்ளென்னி.

இரண்டையும் பிரித்தறிய வாயைப் பாருங்கள். உண்மையான சுத்தக்காரனுக்கு வாய் மூக்கின் நுனியில் இருக்கும். போலிக்கு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், வாய் அதற்கு அடியில். இதன் சாப்பாடு முழுக்க ஏமாற்றிக் கடித்த துடுப்பு என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. பிற மீன்களின் முட்டையும் குழாய்ப்புழுக்களின் உணர்விழைகளும்தான் இதற்குப் பெரும் பகுதி இரை. அந்த வேஷம், தன்னை யாரும் தின்னாமல் இருக்கவும் உதவுகிறது என்று நினைக்கிறேன். சுத்தக்காரனை யார் விழுங்குவார்கள்?

இன்னொரு முறை, இதன் உறவான பிளாஜியோட்ரெமஸ் என் முழங்காலுக்குப் பின்னால் கடித்துவிட்டுப் பொந்துக்குள் ஓடிவிட்டது. ரத்தம்கூட வரவில்லை, ஆனால் தண்ணீருக்கடியில் தூக்கிவாரிப்போட்டது.

* * *

கடி என்றதும் என் தொட்டி நினைவுக்கு வருகிறது. மெயாகாந்தஸ் என்ற ப்ளென்னி ஒன்று வளர்த்தேன். கீழ்த்தாடையில் இரண்டு நீளப் பற்கள், அவற்றின் அடியில் விஷச் சுரப்பி. பசித்திருந்த பெரிய மீன் ஒருநாள் அதை வாய்க்குள் இழுத்துக்கொண்டது. போச்சு என்று நினைத்தேன். ஒரு நொடிதான். பெரியதன் தலை நடுங்கியது, வாயும் செவுள்மூடியும் அகல விரிந்தன. ப்ளென்னி நிதானமாக வெளியே வந்தது, உடம்பில் கீறல்கூட இல்லை. அந்தப் பெரிய மீன் அதற்குப் பிறகு அதன் பக்கமே போகவில்லை.

2017இல் இந்த விஷத்தை ஆராய்ந்து எழுதினார்கள். நம் உடம்பே சுரக்கும் வலிநிவாரணிகளைப் போன்ற பெப்டைடுகள் (சின்னப் புரதத் துண்டுகள்) அதில் இருக்கின்றன. ஆய்வக விலங்குகளுக்குச் செலுத்தியபோது வலியின் அறிகுறி தெரியவில்லை, ஆனால் இரத்த அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. கடித்தவனை விரட்டிப் பிடிக்கும் நேரத்தில் எதிரிக்குத் தலை சுற்றிவிடும் போல. இந்தக் குடும்பத்தில் நீளப் பல் முதலில் வந்தது, விஷம் பிறகுதான் சேர்ந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு.

* * *

குட்டைக்காரருக்கு ஒரு சேதி. அதே குட்டைகளில் இருக்கும் உளுவை (goby) மீனையும் கவனியுங்கள். கடல் வற்றியபின் ஒரு குட்டையிலிருந்து அடுத்ததற்கு, பார்க்காமலே குறி தவறாமல் தாவுவதை நான் கண்டிருக்கிறேன். நீர் உயர்ந்திருக்கும்போது மேலே நீந்தி, எங்கே பள்ளம் என்று மனதில் வாங்கிக்கொள்கிறது. 1951இல் லெஸ்டர் ஆரன்சன் என்ற ஆய்வாளர் இதைச் சோதனையால் காட்டினார். அந்த நினைவு 40 நாள் வரை நிற்கும் என்று பின்னாளில் கண்டார்.

* * *

நான் பவளப்பாறையில் மீன் கணக்கெடுப்புக்குப் போகிறவள். கிளிமீன், கலவா எல்லாம் தாளில் ஏறும். அடியில் கிடக்கும் ப்ளென்னிக்கும் உளுவைக்கும் வரிசையே இருக்காது. எனக்கு அது ரொம்ப நாளாக உறுத்தல். 2019இல் வந்த ஓர் ஆய்வு, பவளப்பாறையில் இரையாகிப் போகும் மீன் சதையில் கிட்டத்தட்ட 60% இந்தச் சின்ன மீன்களிடமிருந்து வருவதாகக் கணக்கிட்டது. எப்போது எண்ணினாலும் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் பிறக்கப் பிறக்கத் தின்னப்படுகின்றன. எவியோட்டா என்ற குட்டி உளுவையில் ஓர் இனத்தின் முழு ஆயுளே 59 நாள்தான், அதிலும் முதல் மூன்று வாரம் குஞ்சாகக் கடலில் மிதப்பதில் போய்விடும். இப்போது தாளின் ஓரத்தில் கையால் கோடு போட்டு அவற்றையும் எழுதுகிறேன்.

* * *

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அதே குட்டைக்குப் போனேன். போன வாரம் முட்டைகளுக்குள் கறுப்புப் புள்ளியாகக் கண்கள் தெரிந்தன. இன்று சுவர் வெறுமையாக இருந்தது, குஞ்சுகள் கடலுக்குப் போயிருக்க வேண்டும். ஆண் மட்டும் அங்கேயே இருந்தது, பொந்தின் உள்சுவரைக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டு.