விளம்பரத்துல ஒரு ரேட்டு, கார்டு போடுறப்ப வேற ரேட்டு, ஹோட்டல் புக்கிங்ல ஏன் இப்படி?

கேள்வி:
நண்பர்களே, ரூம் தேடுறப்ப காட்டின ரேட்டு நல்லா இருக்கேன்னு உள்ள போனேன், பேரு நம்பர் எல்லாம் அடிச்சு கார்டு போடுற இடத்துக்கு வந்தா வரி, சர்வீஸ் சார்ஜ்னு சேர்ந்து கிட்டத்தட்ட கால்வாசி ஏறிடுச்சு. அதுக்கும் கீழ பொடி எழுத்துல "சில கட்டணங்களை ஹோட்டலில் செலுத்தவும்"னு ஒரு வரி. அப்பா அம்மாவோட போறேன், அவங்கள நிக்க வச்சுட்டு கவுண்டர்ல சண்டை போட முடியாது. இது ஏமாத்து வேலையா, இல்ல நான்தான் எதையாவது கவனிக்கலையா?

பதில் 1:
தேடும்போது மூணு பேர்னு போட்டீங்களா? பெரும்பாலும் அது தானாவே ரெண்டு பேர்னுதான் இருக்கும், மூணாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் காசு தனியா வரும். முதல்ல காட்டுறது பல சைட்டுல ஒரு ராத்திரிக்கான ரேட்டு, வரி சேராம. அப்புறம் ஒப்பிட்டு காட்டுற சைட்டுல இருக்கிற ரேட்டு கொஞ்ச நேரம் முந்தி எடுத்து வச்சதா இருக்கலாம், அதுக்குள்ள ஹோட்டல்ல மாத்தியிருப்பாங்க.

பதில் 2:
அதெல்லாம் சரி ப்ரோ, ஆனா கட்டியே ஆகவேண்டிய காசை கடைசில காட்டுறது தப்புதான். இதுக்கு பேரே ட்ரிப் ப்ரைசிங், சொட்டு சொட்டா ஏத்துறது. அமெரிக்காவுல 2025 மே 12ல இருந்து கட்டாய கட்டணத்தை எல்லாம் சேர்த்து முதல்லயே மொத்தமா காட்டணும்னு விதி இருக்கு, அங்கயும் அரசாங்க வரியை மட்டும் தனியா காட்டலாம். பிரிட்டன்லயும் அதே வருஷம் ஏப்ரல்ல சட்டம் வந்துருச்சு. ஆஸ்திரேலியாவுல ஹோட்டல் விலைய ஒப்பிட்டு காட்டுற ட்ரிவாகோ சைட்டுக்கு 2022ல கோர்ட் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு, அவங்க கோடு போட்டு அடிச்சு காட்டின பழைய விலை சில நேரம் அதே ஹோட்டல்ல இருக்கிற சொகுசு ரூமோடது, பக்கத்துல காட்டினது சாதா ரூம் விலை! அதனால அடிச்ச விலைய பாத்து மயங்காதீங்க.

பதில் 3:
வெளிநாடுன்னா இன்னொண்ணு, கார்டு தேய்க்கும்போது உங்க நாட்டு காசுல கட்டுறீங்களான்னு மெஷின் கேக்கும், வேண்டாம்னு சொல்லி அந்த நாட்டு காசுலயே கட்டுங்க. நம்ம காசுலயே கட்டி எனக்கு நல்லா காசு போச்சு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. பாத்தேன், ரெண்டு பேர்னுதான் போட்டிருந்தேன். மூணுன்னு மாத்தினதும் மொத்தம் இன்னும் ஏறிடுச்சு, ஆனா இப்ப கணக்கு புரியுது. அந்த பொடி எழுத்து என்னன்னு ஹோட்டலுக்கே போன் பண்ணி கேட்டேன், ஆளுக்கு ஒரு ராத்திரிக்குன்னு வாங்குற நகர வரியாம். எவ்வளவுன்னு மெயில்ல போட சொல்லி வாங்கி வச்சுட்டேன்.