அம்மாவின் குதிகால் வலி: புதுப்பிப்பு

ஏற்காட்டில் காபித் தோட்டச் சரிவில் வேலை பார்க்கும் அம்மாவுக்குக் குதிகால் வலி, ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூல செல்) ஊசி போடச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, போடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்றவை தவிர, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை தரக் கூடாது. இதைச் சொல்லாமல் பணம் கேட்பது அநியாயம்.

அப்புறம் சேலத்தில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் நார்ப்பட்டையில்தான் பிரச்சினையாம். முதலில் பயிற்சியும் மெத்தென்ற செருப்பும். குறையாவிட்டால் பிஆர்பி, அதாவது அம்மாவின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியை மட்டும் வலிக்கும் இடத்தில் செலுத்துவது, அது ஸ்டெம் செல்லே இல்லை என்றார்.

இப்போது அம்மா கட்டிலை விட்டு இறங்கும் முன்பே துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கிறார். முதல் அடிக்குச் சுவரைப் பிடிப்பதில்லை. இறக்கத்தில் மட்டும் இன்னும் வலிக்கிறது.