மோடம் மாட்டிய சீரியல் போர்ட் வேகத்தை 115200-ல் வைத்தால் லாகின் திரை முழுக்கக் குப்பை எழுத்து, உதவுங்கள்

நண்பர்களே, லினக்ஸ் பெட்டியில் வெளி மோடம் மாட்டி, டயல்-இன் லாகினுக்கு (ஃபோன் லைன் வழியே வெளியிலிருந்து உள்நுழைய) ஏகெட்டி (agetty, லாகின் கேட்கும் நிரல்) ஓட்டுகிறேன். போர்ட் வேகம் நொடிக்கு 9600 பிட் என்றால் எல்லாம் சரி. 115200-க்கு மாற்றினால் அழைப்பு இணைகிறது, ஆனால் 'லாகின்' என்று வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான்.

போர்ட் அமைப்பைக் காட்டும் எஸ்டிடிஒய் (stty) கட்டளை 115200 என்றே காட்டுகிறது, ஆர்டிஎஸ்/சிடிஎஸ் (தரவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிக்னல்கள்) ஆன். யூஆர்ட் (சீரியல் போர்ட் சிப்) 16550ஏ, 16 பைட் பஃபர் உண்டு. அதனால் சிப் மேல் எனக்குச் சந்தேகமில்லை. கடைசியாக வந்த ஏடி கட்டளையின் (மோடத்துக்குத் தரும் கட்டளை) வேகத்தையே மோடம் பிடித்துக்கொள்ளுமே, முன்பு 9600-ல் சேமித்ததுதான் இன்னும் உள்ளே இருக்கிறதோ? மினிகாமை (மோடத்துடன் நேரடியாகப் பேசும் டெர்மினல் நிரல்) 115200-ல் வைத்து, அமைப்பைச் சேமிக்கும் ஏடி&டபிள்யூ (AT&W) கொடுத்தால் போதுமா, ஏகெட்டிக்கும் இனிட் ஸ்ட்ரிங் (தொடக்கத்தில் மோடத்துக்கு அனுப்பும் கட்டளை வரி) தர வேண்டுமா? கிளையின் தினக் கணக்கு இந்த லைனில்தான் வருகிறது, 9600-ல் ரொம்ப நேரம் இழுக்கிறது. ஓடவைத்தவர்கள் உங்கள் இனிட் வரியை அப்படியே போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.