சிஏ 19-9: 37-க்குக் கீழே இருந்தால் நிம்மதியா?

லேப்காரன்: நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது: "சிஏ 19-9 ரத்தப் பரிசோதனை 37-க்குக் கீழே இருந்தால் கணையப் புற்றுநோய் கிடையாது, நிம்மதியாகத் தூங்கலாம்." அனுப்பிய புண்ணியவான் நம்ம மயிலை மாமா. மாமா, அந்த டெஸ்ட் தேடுவது சியாலில் லூயிஸ்-ஏ என்ற சர்க்கரைத் துணுக்கை. லூயிஸ் என்பது ஏ, பி, ஓ போல இன்னொரு ரத்த வகைப் பிரிவு. நூற்றில் 5 முதல் 10 பேர் லூயிஸ் நெகட்டிவ். அவர்கள் உடம்பு அந்தச் சர்க்கரைத் துணுக்கைத் தயாரிக்காது. உள்ளே கட்டி வளர்ந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாக வரும்.

மயிலை மாமா: சர்க்கரையாம்! போன மாதம் என் சுகர் 210. அப்போ எனக்கு கேன்சரா? சிஏ என்றால் கேன்சர் ஆன்டிஜென். 37 வரை நார்மல் என்று ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கிறான். அவன் முட்டாள், நீங்கள் மேதையோ?

லேப்காரன்: அது குளுக்கோஸ். இது செல்லின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி. 19-9-ல் சிஏ என்பது கார்போஹைட்ரேட் ஆன்டிஜென். 1979-ல் ஃபிலடெல்ஃபியா விஸ்டார் நிறுவனத்தில் கோப்ரோவ்ஸ்கி குழு பெருங்குடல் புற்றுச் செல்லைச் சுண்டெலிக்குச் செலுத்தி உருவாக்கிய ஆன்டிபாடியின் நம்பர்தான் 19-9.

தேனிக்காரன்: என் பெரியப்பாவுக்கு 400 தாண்டி வீடே அழுதது. கடைசியில் பித்தக்குழாயில் கல். கல்லை எடுத்து, காமாலை இறங்கியதும் 20. உங்கள் 37-ஐ உடைப்பில் போடுங்கள்.

லேப்காரன்: டெஸ்டே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க உதவும். நோயே தெரியாதவர் எடுத்துப் பார்த்து நிம்மதியடைய அல்ல.

மயிலை மாமா: பார்த்தீர்களா, பல்டி! 37 நார்மலா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வடைசட்டி: நடுவில் ஒன்று. கல்லீரல் புற்றுக்கு ஏஎஃப்பி-எல்3 என்று ஒரு டெஸ்ட். ஏஎஃப்பி என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதம். அதில் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரை ஒட்டியதை மட்டும் பிரித்தெடுக்க உதவுவது, மைசூர் பருப்பில் உள்ள, சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் லெக்டின் என்ற புரதம்!

மயிலை மாமா: அதான் பாட்டி பருப்பு சாப்பிடச் சொன்னாள்.

லேப்காரன்: சாப்பிடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? போன வருஷம் மஞ்சள்தூளுக்கு நாற்பது பதிவு போட்டவர்தானே நீங்கள்.

மயிலை மாமா: மஞ்சளை இழுக்காதீர்கள். அன்றைக்கு என்னை பிளாக் செய்தது யார் என்று ஊருக்கே தெரியும்.

தேனிக்காரன்: வடைக்கு மைசூர் பருப்பு சரிப்படாது, கடலைப் பருப்புதான்.

லேப்காரன்: மறுபடியும் சொல்கிறேன். லூயிஸ் நெகட்டிவ் என்றால் 37-க்கு அர்த்தமே இல்லை. இல்லை. இல்லை.

மயிலை மாமா: எனக்கு 12 வந்திருக்கிறது. தூங்கப் போகிறேன்.

லேப்காரன்: உங்கள் லூயிஸ் வகை என்ன, அதைச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

மயிலை மாமா: ஓ பாசிட்டிவ். போதுமா?