பாலியல் புனைகதையை இணையம் எவ்வாறு மாற்றியது?

வைகைக்கரையான்:
எங்கள் மதுரை வாசகர் வட்டத்தில் பாலியல் புனைகதைகளைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். பெரியார் பேருந்து நிலையப் பக்கத்து நடைபாதைக் கடைகளில் வார இதழ்களுக்கு அடியில் மறைத்து விற்கப்பட்ட மலிவு நூல்களை என் தலைமுறை அறியும். அவை இணையத்துக்கு இடம்பெயர்ந்தபோது விற்பனை முறை மட்டும் மாறியதா, எழுத்தே மாறியதா?

திருநகர் வாசகி:
எழுத்தே மாறியது என்பேன், ஐயா. அந்நூல்களில் புனைபெயர் பெரும்பாலும் பதிப்பிப்பவரின் கையில் இருந்தது. வாசகரின் கருத்து எழுதியவரை எட்ட வழியே இல்லை. இணையத்திலோ, முகம் காட்டாமலே ஒருவர் ஒரே பெயரில் பல ஆண்டுகள் எழுதி, தமக்கென வாசகரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. பெண்கள் இவ்வகைக் கதைகளை எழுத முன்வந்ததற்கு இதுவே முதற்காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். நம் ஊரில் இப்படியொரு கைப்பிரதியை அச்சகத்தில் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே தெருவில் ஒரு பெண் நிம்மதியாக நடந்திருக்க முடியுமா? பெண்ணின் விருப்பமும் மறுப்பும் கதையின் மையத்துக்கு வந்ததை அவர்களுடைய எழுத்தில்தான் கண்டேன்.

பழைய நிரலர்:
வலைத்தளங்களுக்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில், யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத அமைப்பின் செய்திக் குழுக்களில் இது தொடங்கிவிட்டது. அனுப்புநரின் முகவரியை மறைத்து மடல்களைக் கடத்துவதற்காகப் பின்லாந்தில் யோகான் ஹெல்சிங்கியஸ் 1993-இல் தொடங்கிய சேவை, 1996-இல் மூடப்படும்வரை பலருக்குப் புகலிடமாக இருந்தது. கதையில் என்ன வருகிறது, இருவருக்கும் சம்மதமா என்பதைத் தலைப்பிலேயே சுருக்கக் குறியீடுகளால் தெரிவிக்கும் நல்ல வழக்கம் அக்குழுக்களில் வேரூன்றியது. வாசகர் மதிப்பெண் இடும் லிட்டரோட்டிகா என்ற பாலியல் கதைத் தளம் 1998-இல் வந்தது. தமிழ் பின்தங்கியதற்கு எழுத்துருச் சிக்கலும் ஒரு காரணம்: எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறி (யூனிகோட்) பரவும்வரை தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு தேவைப்பட்டதால், பலர் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழ்க் கதைகளை எழுதினார்கள்.

செல்லூர் வழக்குரைஞர்:
சட்டத்தையும் உங்கள் உரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 67-ஆம் பிரிவின்படி ஆபாசமானவற்றை மின்னணு வடிவில் வெளியிடுவோருக்கு முதல் முறை 3 ஆண்டுகள் வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இலக்கிய நோக்கிலான பொதுநலனை நிறுவினால் விலக்கு உண்டு. வாசகி அம்மா சொன்ன புனைபெயருக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. புனைபெயரில் வெளியான படைப்புக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 60 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. ஆனால், கதையைத் திருடித் தம் தளத்தில் போட்டுக்கொள்பவர்மீது வழக்குத் தொடுக்க, எழுதியவர் தம் உண்மைப் பெயரோடு நீதிமன்றத்துக்கு வர நேரும் என்பதால், குறிப்பாகப் பெண்கள் அந்த உரிமையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.