43டி, 77டி மெஷ் கிடைக்காத நேரத்தில் எதை நம்பி வாங்குவது? (கொழும்பு)

கொட்டாஞ்சேனை_அச்சு:

வணக்கம். ரீசேட்டுக்கு 43டி மெஷ் (சென்ரிமீற்றருக்கு 43 நூல் உள்ள வலைத்துணி), துணிப்பைக்கும் ஸ்டிக்கருக்கும் 77டி பாவிக்கிற சின்ன ஸ்கிறீன் அச்சுப் பட்டறைக்கான கேள்வி. மெஷ்ஷை இழுத்துக் கட்டுகிற பிறேம் எல்லாம் வெளியளவு 50×60 செ.மீ. பாதி அலுமினியம், மிச்சம் மரம். துணிக்குத் தண்ணீர் பிக்மென்ட் மை, ஸ்டிக்கருக்கு மட்டும் சொல்வென்ட் மை.

புறக்கோட்டையில் வழமையான ரோல் முடிந்தால் அடுத்த சரக்கு எப்ப வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. இடையில் தருகிற ரோலின் கரையில் எழுத்து ஒன்றும் இல்லை. கேட்டால் "எல்லாம் 77 தான் தம்பி" என்ற பதில்தான். கொஞ்ச வேலைக்குள்ளேயே தளருது, இல்லாவிட்டால் கிழியுது.

கடையில் நின்றபடியே நல்ல மெஷ்ஷை எப்படி அடையாளம் காண்கிறது? 43, 77 இல்லாவிட்டால் எந்த எண் சரிவரும்? திரைச்சீலை வோயில், ஓர்கன்சா பாவிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

நூல்கணக்கு:

முதலில் ஒன்று. "77 இருக்கா" என்று மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். 77 என்பது ஒரு சென்ரிமீற்றரில் எத்தனை நூல் என்ற கணக்கு. நூலின் தடிப்பை அது சொல்லாது, உழைப்பதோ தடிப்பில்தான் இருக்கு. ஒழுங்கான ரோலின் கரையில் 77-55 அல்லது 77-48 என்று அச்சடித்திருக்கும். பின்னால் வருவது மைக்ரோனில் நூலின் விட்டம். 55 மைக்ரோன் நூலின் குறுக்குவெட்டுப் பரப்பு 48ஐ விட ஏறத்தாழ 31 சதவீதம் கூட, அந்தளவுக்குப் பலமும் கூட. ஆனால் கண் (நூல்களுக்கு நடுவிலுள்ள துளை) சிறுக்கும். 77-48இல் கண் கிட்டத்தட்ட 82 மைக்ரோன், 77-55இல் 75. மை கொஞ்சம் குறைவாக இறங்கும், மெஷ் நாள்பட உழைக்கும். தட்டுப்பாட்டு நேரத்தில் நான் தடித்த நூலைத்தான் எடுப்பேன். 43 என்றால் 43-80 கேளுங்கள்.

இந்தியாவில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ ஆன்லைனில் பார்ப்பவர்கள் அங்குல எண்ணோடு குழம்புவார்கள். 2.54ஆல் பெருக்குங்கள். 43 என்பது அங்குலக் கணக்கில் 110, 77 என்பது 195, 120 என்பது 305. "110 மெஷ்" என்று விற்பதை 110டி என்று நினைத்து வாங்கினால் கோணித்துணிதான் கைக்கு வரும்.

எழுத்தில்லாத ரோலுக்கு இரண்டு சோதனை:

எண்ணிக்கை. மெஷ்ஷின் கீழே இரும்பு அடிமட்டத்தை வைத்து ஃபோனில் கிட்டப் படமெடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். 5 மி.மீ.க்குள் 21 அல்லது 22 நூல் என்றால் 43. 38 அல்லது 39 என்றால் 77. நீட்டு, குறுக்கு இரண்டையும் எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அது அச்சு மெஷ் இல்லை, வேறு ஏதோ வடிதுணி.

இதைவிடச் சுகமான வழி, தெரிந்த 77 துண்டு ஒன்றைப் பேர்ஸில் வைத்திருப்பது. அதை நூலுக்கு நூல் நேராக ரோலின் மேல் வைத்தால் அலைக்கோடுகள் தெரியும். ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை பட்டை தெரியுதோ அத்தனை நூல் வித்தியாசம். பட்டையே இல்லை அல்லது மிக அகலமாக ஒன்றிரண்டு என்றால் 77தான். 5 பட்டை என்றால் 72 அல்லது 82. சரித்து வைத்தால் கணக்குப் பிழைக்கும்.

நூல்வகை. மூலையில் ஒரு சின்னத் துண்டைக் கேட்டு வாங்கி வெளியில் வந்து எரியுங்கள். பொலியெஸ்டர் கரும்புகை விட்டு, கறுத்த கடின மணியாக உறையும். நைலோன் வெண்புகை, மங்கின மண்ணிற மணி. நைலோன் தண்ணீர் உறிஞ்சித் தளரும். தண்ணீர் மைக்காரருக்கு அது ஆகவே ஆகாது. நீங்கள் சொன்ன "தளருது" என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒரு துண்டை இறுக்கிப் பிடித்து நனைத்துப் பாருங்கள், உடனே தெரியும்.

மாற்று எண்: 43 இல்லாவிட்டால் 48, 55 இரண்டும் ரீசேட்டுக்குப் போதும். கறுப்புத் துணியில் வெள்ளை மட்டும் ஒரு தரம் அடித்து, மேலாகக் காயவைத்து, திரும்ப ஒரு தரம் அடிக்க வேண்டி வரும். 77 இல்லாவிட்டால் துணிப்பைக்கு 62 அல்லது 68க்கு இறங்குங்கள். 90க்கு ஏறினால் தண்ணீர் மை கண்ணுக்குள்ளேயே காய்ந்து அடைக்கும். ஸ்டிக்கருக்கு மட்டும் 90 அல்லது 100 எடுக்கலாம். ஹாஃப்டோன் (நிழலைச் சின்னப் புள்ளிகளாக்கி அடிப்பது) செய்தால் அங்குலக் கணக்கு மெஷ்ஷை நாலரையால் வகுங்கள். 77டியில் அங்குலத்துக்கு 43 புள்ளிவரிசை வரைக்கும் தாங்கும், 43டியில் 24.

பிறேம்கடை:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் கிழிசலுக்கு மெஷ்ஷை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். எங்கே கிழியுது என்று பாருங்கள்.

பிறேமின் உள்விளிம்பை ஒட்டி நேர்கோடாகக் கிழிந்தால், விளிம்பு கூராக இருக்கு, அல்லது ஸ்குவீஜி (மையை இழுக்கிற ரப்பர் தகடு) அகலம் கூட. ஸ்குவீஜியின் இரண்டு பக்கமும் உள்விளிம்பில் இருந்து குறைந்தது 5 செ.மீ. விட வேண்டும். மூலையில் கிழிந்தால் இழுக்கும்போது மூலையைத் தளர்த்தவில்லை. நடுவில் ஓட்டை விழுந்தால் கீழே சிப், பொத்தான், காய்ந்த மைக்கட்டி ஏதோ இருந்திருக்கு. கழுவும்போது தண்ணீர் வேகத்துக்கே பிளந்தால் நூல் இரசாயனத்தால் செத்துப்போயிருக்கு, புது ரோல் வாங்கினாலும் இதே கதைதான்.

இடைவெளியையும் பாருங்கள். மெஷ்ஷுக்கும் துணிக்கும் நடுவில் 1.5 முதல் 3 மி.மீ. போதும். தளர்ந்த மெஷ் ஒட்டிக்கொள்ளுது என்று 6, 7 மி.மீ. தூக்கி வைத்து அழுத்தி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் மெஷ் இன்னும் தளரும். பிறகு இன்னும் தூக்குவார்கள்.

கொட்டாஞ்சேனை_அச்சு:

நன்றி அண்ணாமார். கிழிகிறது மரப் பிறேமில் உள்விளிம்பை ஒட்டித்தான், சிலது கழுவும்போது. எமல்ஷன் (மெஷ்ஷில் வடிவம் எடுக்கப் பூசுகிற, வெளிச்சத்தில் இறுகும் பூச்சு) எடுக்கிற மருந்து கிடைக்காத நேரத்தில் வீட்டு பிளீச் ஊற்றி இரவு முழுக்க விடுகிறது வழக்கம். அதுவும் காரணமோ?

நூல்கணக்கு:

கழுவும்போது கிழிவதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம். பொலியெஸ்டருக்குக் காரம் பகை, வீட்டு பிளீச் காரமானது. சில நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது, இரவு முழுக்க, திரும்பத் திரும்ப என்றால் நூல் இளைக்கும். அலுமினியப் பிறேமையும் அரிக்கும். கறை எடுக்க கோஸ்டிக் சோடாப் பசை பூசுகிறவர்கள் இதைவிட வேகமாக மெஷ்ஷைத் தின்னக் கொடுக்கிறார்கள். பிளீச்சோடு கழிப்பறை அமிலம் கலந்தால் குளோரின் வாயு வரும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கடையில் விற்கிற எமல்ஷன் நீக்கிகளின் உயிர்ப்பொருள் பெரும்பாலும் சோடியம் மெட்டாபீரியோடேற். தூளாக வாங்கினால் லீற்றர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம். முதலில் மை முழுக்கப் போக வேண்டும், மைப்படலம் இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. இரண்டு பக்கமும் நனைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் கழுவுங்கள். காயவிட்டால் கதை முடிந்தது, எமல்ஷன் பூட்டிக்கொள்ளும், பிறகு எதற்கும் அசையாது. கையுறை போடுங்கள். தூளை மண்ணெண்ணெய்த் துணி, தின்னர் பக்கத்தில் வைக்க வேண்டாம், அது தீயைத் தூண்டும் பொருள்.

தெமட்டகொடை_சாயம்:

வோயில், ஓர்கன்சா பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கெய்சர் வீதித் துணிக்கடைகளில் மீற்றர் கணக்கில் எடுக்கலாம், விலையும் மலிவு. ஆனால் வோயிலில் ஒவ்வொரு இழையும் பல நுண்ணிழைகளின் கற்றை. மை அதற்குள் ஊறி நிற்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது, இழுக்க இழுக்க நீளும். பெரிய எழுத்து, தடித்த உருவம், கடதாசி வெட்டு வைத்து அடிக்கிற கொடி வேலை, இதற்குச் சரி. எமல்ஷன் பூசி மெல்லிய கோடு எடுக்க நினைக்க வேண்டாம். ஓர்கன்சா ஒற்றை இழையாக இருந்தால் கொஞ்சம் மேல், ஆனால் கண் சமனில்லை, ஒரே அச்சில் ஒரு பக்கம் இருண்டும் மற்றப் பக்கம் வெளிறியும் வரும். இரண்டு நிறம் பொருத்துகிற வேலை என்றால் இரண்டையும் மறந்துவிடுங்கள்.

அதைவிட நல்ல வழி பழைய பெரிய பிறேம். ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற பட்டறைகள் கட்டுநாயக்க, பியகம பக்கம் இருக்கு. ஒரு மூலை கிழிந்ததும் பெரிய பிறேமை ஒதுக்கிவிடுவார்கள், நடுத்துண்டில் சின்னப் பிறேமுக்கு வேண்டியது எடுக்கலாம். வாங்கும்போது பில் கேளுங்கள். ஏற்றுமதிக்கென்று வரியில்லாமல் இறக்கின பொருளை உள்ளூரில் விற்க அவர்களுக்கு அனுமதி வேண்டும்.

நூல்கணக்கு:

பழைய மெஷ்ஷில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். ஏற்கெனவே நீண்டு முடிந்த நூல் அது. எடுத்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். கீறின கோடு மறையாமல் நின்றால், அல்லது நூல் பிரிந்து விலகினால் வேண்டாம். வெயில் படுகிற இடத்தில் கிடந்ததும் வேண்டாம்.

தெமட்டகொடை_சாயம்:

அது சரி, ஆனால் இல்லாத ரோலை விட இருக்கிற துண்டு மேல்.

நாலைந்து பட்டறை சேர்ந்து ஒரு ரோல் இறக்குவதாக இருந்தால் இன்வொயிஸில் கவனம். அச்சு மெஷ்ஷும் மாவரிக்கிற போல்டிங் துணியும் சுங்க வகைப்பாட்டில் 5911.20. விற்பவர் சும்மா "பொலியெஸ்டர் துணி" என்று எழுதினால் 5407, அதாவது சாதாரண செயற்கைத் துணி என்று எடுக்கக்கூடும். வரிக்கணக்கே மாறும். ஓர்டர் போட முன்னமே எண், நூல் விட்டம், அகலம், "ஸ்கிறீன் அச்சுக்கான போல்டிங் துணி" என்ற விபரம் எல்லாம் இன்வொயிஸில் வரச் சொல்லி, கிளியரிங் ஏஜன்டிடம் காட்டுங்கள். வெள்ளையா மஞ்சளா என்றும் எழுத வையுங்கள். மஞ்சள் மெஷ் ஒளி சிதறாமல் கோட்டைக் கூராக்கும், ஆனால் எக்ஸ்போஸ் நேரம் (எமல்ஷனுக்கு வெளிச்சம் காட்டுகிற நேரம்) ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 43க்கு வெள்ளையே போதும்.

கொட்டாஞ்சேனை_அச்சு:

மரப் பிறேமில் கையால் இழுத்து ஸ்டேபிள் அடிக்கிறதுதான் இப்ப. எந்தளவு இறுக்கம் வரவேணும்? ரோல் அகலம் 127, 165 செ.மீ. இரண்டும் சொல்கிறார்கள், எதை எடுக்கிறது?

பிறேம்கடை:

துணி அச்சுக்கு சென்ரிமீற்றருக்கு 18 முதல் 25 நியூட்டன் நல்லது. மரத்தில் கையால் 12, 13 வந்தாலே பெரிய விஷயம். 10க்குக் கீழே இறங்கினால் நிறப் பொருத்தம் போகும். இறுக்கம் அளக்கிற கருவி இல்லாவிட்டால் பிறேமின் குறுக்கே நேரான கம்பி ஒன்றை வைத்து, நடுவில் 1 கிலோ படி வைத்து, மெஷ் எத்தனை மி.மீ. இறங்குது என்று அளந்து பிறேமிலேயே எழுதுங்கள். நியூட்டன் கிடைக்காது, ஆனால் போன மாதத்தை விட எவ்வளவு தளர்ந்தது என்று தெரியும்.

முதலில் உள்விளிம்பை அரத்தால் உருட்டுங்கள், உங்கள் விளிம்புக் கிழிசலுக்கு இதுதான் மருந்து. மெஷ்ஷின் நூல் பிறேமுக்கு நேராக இருக்க வேண்டும். மூலைகளில் கொஞ்சம் தளர்வு விட்டு, நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நாலு கட்டத்தில் இழுங்கள். கட்டத்துக்குக் கட்டம் ஐந்து நிமிடம் விடுங்கள். கடைசி இழுப்புக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுத்து, தளர்ந்ததைத் திரும்ப இழுத்து, அதன் பிறகே பசை. ஸ்டேபிள் மட்டும் என்றால் ஒவ்வொரு ஊசியும் ஒரு கிழிசலின் தொடக்கம். கீழே நாடா வைத்து, சரித்து அடித்து, மேலே பசை பூசுங்கள்.

அலுமினியத்துக்கு 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் போகத் துடைத்து, சுப்பர் குளுவும் அதை உடனே இறுக்குகிற அக்டிவேற்றரும். சுவர்த் தடிப்பு 1.2 மி.மீ. உள்ள பிறேம் குழாய் உள்ளே வளையும், நடுப்பக்கம் தளரும், 2 மி.மீ. எடுங்கள். சுப்பர் குளு நம்ம ஊர் ஈரப்பதத்தில் போத்தலுக்குள்ளேயே இறுகும். இறுக மூடி, சிலிக்கா ஜெல் பையோடு ஃபிரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்தால் குளிர் போனபிறகே திறவுங்கள். இந்தப் பசையை அசிற்றோன் கரைக்கும், ஸ்டிக்கர் மை துடைக்கிற தின்னரும் விளிம்பில் படக்கூடாது. பசைக்கு மேல் இரண்டு பூச்சு வார்னிஷ் அல்லது டேப்.

அகலம் 127ஐ எடுங்கள். 50×60 பிறேமுக்குப் பக்கத்துக்கு 6 செ.மீ. பிடி வைத்தால் துண்டு 62×72. 127இல் குறுக்காக இரண்டு துண்டு, 3 செ.மீ.தான் கழிவு. 2.16 மீற்றரில் ஆறு பிறேம். 165இல் 72ஐக் குறுக்காக வைத்தாலும் இரண்டுதான் வரும், 21 செ.மீ. பட்டை வீணாகும். கொஞ்சம் கூட வாங்கி, 2.20 என்று வெட்டச் சொல்லுங்கள். கடையில் எப்போதும் நேராக வெட்டுவதில்லை.