வீராங்கனை கிளம்பினால் ரசிகரும் கிளம்ப வேண்டுமா? சியாட்டில் ஸ்டார்ம் ரசிகர்களுக்குள் ஒரு வாக்குவாதம்

பச்சைமஞ்சள்:
அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆடுகிறது நம் சியாட்டில் ஸ்டார்ம். இங்கே பலருடைய பெயருக்குப் பக்கத்தில் ஸ்டார்ம் சின்னம் இருந்த இடத்தில் இப்போது எதிரணியான நியூயார்க் லிபர்ட்டியின் சின்னம் இருக்கிறது. 2023ல் நம் நட்சத்திரம் பிரியானா ஸ்டூவர்ட் சியாட்டிலை விட்டு நியூயார்க் போனதும் ஒரு கூட்டம் அவர் பின்னாலேயே போனது. 2025 தொடக்கத்தில் ஜுவல் லாய்ட் ட்ரேடில், அதாவது அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில், லாஸ் வேகாஸ் ஏசஸுக்குப் போனதும் இன்னொரு கூட்டம் போனது. எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை. ஓர் அணியைப் பிடித்துப்போனால் அது தோற்கிற வருஷத்திலும் கூட இருக்க வேண்டும்.

அதிலும் இது சாதாரண அணி இல்லை. 2008ல் என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டார்மையும் ஆண்கள் அணியான சூப்பர்சானிக்ஸையும் வைத்திருந்த ஓக்லஹோமா சிட்டி முதலாளிகள் சானிக்ஸைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோனார்கள். ஸ்டார்மும் போயிருக்கும். சியாட்டில் பெண்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கியதால்தான் அது ஊரிலேயே நின்றது. நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே ஆடிய ஆண்கள் அணி போய்விட்டது, பெண்கள் அணி நிலைத்தது. அவர்கள் வாங்கியது ஒரு வீராங்கனையை அல்ல, அணியை.

நடுக்கோடு:
நண்பரே, உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் ஸ்டூவர்ட் பின்னால் போனவர்களில் நானும் ஒருவன், அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

புது வீராங்கனைகளை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2016 டிராஃப்டில் முதல் ஆளாக அவரை எடுத்தது சியாட்டில். அவரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. கல்லூரி முடித்து வரும் பெண் எந்த ஊரில் ஆடுவது என்பதை லீக்தான் முடிவு செய்கிறது. முதல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் 'கோர்' என்று முத்திரை குத்தி அணி அவரைப் பிடித்து வைக்கலாம். அப்படி இருந்தும் அவர் என்ன குறை வைத்தார்? 2018ல் கோப்பை, 2020ல் கோப்பை, இரண்டு இறுதிப் போட்டித் தொடரிலும் சிறந்த வீராங்கனை. நடுவில் 2019ல் ஒரு சீசன் முழுக்க ஆடவில்லை. ஏன்? அந்த ஏப்ரலில் ரஷ்ய அணிக்காக ஐரோப்பிய லீக்கில் ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்தது. அமெரிக்கச் சம்பளம் போதாமல் வருஷம் முழுக்க ஆடினார்கள், அதற்கு உடம்பு கொடுத்த விலை அது.

சியாட்டிலுக்காக ஆடிய கடைசி ஆட்டத்தில் 42 புள்ளி எடுத்தார். பிறகு தானே முடிவெடுத்து, கிடைக்கக்கூடிய உச்ச சம்பளத்தை விட்டுக்கொடுத்து, தான் பிறந்து வளர்ந்த மாநிலத்துக்குப் போனார். இதை எப்படித் துரோகம் என்பது?

பச்சைமஞ்சள்:
துரோகம் என்று நான் சொல்லவே இல்லை. அவர் போனது சரி. என் கேள்வி உங்களைப் பற்றியது, அவரைப் பற்றியது அல்ல.

ரெட்மண்ட்வாசி:
நான் இந்த ஊர்க்காரி, சீசன் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறவள். டிவியில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

2022 செப்டம்பர், அரையிறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம், ஏசஸுக்கு எதிராக. ஆட்டம் முடிய இரண்டு வினாடிகூட இல்லை. நம் மூத்த வீராங்கனை சூ பேர்ட் மூலையிலிருந்து மூன்று புள்ளி போடுகிறார், நாம் முன்னிலை. அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது, எனக்குப் பின்வரிசையில் இருந்த பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். அடுத்த மூச்சில் ஏசஸின் ஜாக்கி யங் ஓடிவந்து போட்டுவிடுகிறார், 92-92. கூடுதல் நேரத்தில் தோற்றோம். இரண்டு நாள் கழித்து அடுத்த ஆட்டமும் போனது, 97-92. சூ பேர்டுக்கு அதுதான் கடைசி ஆட்டம். முடிந்து வெகுநேரம் வரை யாரும் இடத்தை விட்டு எழவில்லை.

அடுத்த வருஷம் சூ இல்லை, ஸ்டூவர்ட் இல்லை. 11 வெற்றி, 29 தோல்வி. லாய்டை இரண்டு பேர் மறித்தார்கள், சில நேரம் மூன்று பேர். அப்படியும் அந்தப் பெண் 939 புள்ளி எடுத்தார், அதுவரை லீக்கில் ஒரே சீசனில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. பின்வரிசைப் பெரியம்மா ஒரு ஆட்டம் விடாமல் வந்தார். பச்சைமஞ்சள் சொல்வது அந்த மாதிரி ஆட்களைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

கோமெட்ஸ்_பழசு:
அக்கா, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் அணியோடு இரு, அணியோடு இரு என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அணியே இல்லாமல் போனால்?

நான் ஹூஸ்டன் கோமெட்ஸ் ரசிகன். லீக் தொடங்கிய 1997லிருந்து 2000 வரை நான்கு கோப்பைகளும் எங்களுக்குத்தான். சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டினா தாம்சன் மூன்று பேரும் ஒரே அணியில். நடுவில் 1999ல் எங்கள் கிம் பெரோட் புற்றுநோயில் இறந்துபோனார், அந்த வருஷமும் ஜெயித்தார்கள். அப்படிப்பட்ட அணியை 2008 முடிவில் வாங்க ஆள் இல்லை என்று இழுத்து மூடிவிட்டார்கள். நான் கோமெட்ஸோடு இருக்கத் தயார், எங்கே போய் இருப்பது?

டினா லாஸ் ஏஞ்சலஸ் போனார், நானும் லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டங்களைப் பார்த்தேன். 2012ல் சியாட்டில் வந்தார், 2013ல் இங்கேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அப்புறம் நான் இங்கிருந்து நகரவில்லை. என்னை ஸ்டார்ம் ரசிகனாக்கியதே ஒரு வீராங்கனைதான். சாக்ரமெண்டோவில் 2005ல் கோப்பை வாங்கிய மோனார்க்ஸும் 2009ல் மூடப்பட்டது. டெட்ராய்ட் ஷாக் மூன்று கோப்பை வாங்கிய பிறகு துல்சாவுக்குப் போய், அங்கிருந்து டல்லாஸுக்குப் போய், பெயரும் மாறிவிட்டது. இந்த லீக்கின் நினைவைச் சுமந்துகொண்டு போனது அணிகள் இல்லை, அந்தப் பெண்கள்தான்.

நடுக்கோடு:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

பச்சைமஞ்சள்:
கோமெட்ஸ் அண்ணன் சொன்னது நெஞ்சில் தைக்கிறது. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கூப்பரும் ஸ்வூப்ஸும் இருந்தவரை ஹூஸ்டனில் கொண்டாட்டம். அவர்கள் போனபின் அணியைக் காப்பாற்ற யார் இருந்தார்கள்? நட்சத்திரத்துக்காக வந்த கூட்டம் நட்சத்திரம் மறைந்ததும் கலைந்துவிடும். அணிக்காக வருகிற கூட்டம்தான் மோசமான வருஷத்தைத் தாங்கும்.

2025ல் சான் பிரான்சிஸ்கோவில் வால்கிரீஸ் என்று புது அணி வந்ததே, பாருங்கள். மற்ற அணிகள் தக்கவைக்காத பெண்களைப் பொறுக்கிச் சேர்த்த அணி, பெரிய பெயர் ஒன்றுகூட இல்லை. சொந்த ஊர் ஆட்டம் ஒவ்வொன்றிலும் 18,064 பேர், ஒரு இருக்கை காலி இல்லை. முதல் வருஷத்திலேயே கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான ப்ளேஆஃப்புக்கும் போனார்கள். அந்த மக்கள் எந்த வீராங்கனைக்காக வந்தார்கள்?

ஃபீவர்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் இண்டியானா ஃபீவர் ஆள். 2022ல் எங்கள் அணி 5 ஜெயித்து 31 தோற்றது. கல்லூரி ஆட்டத்திலேயே பெரும் புகழ் பெற்ற கெய்ட்லின் கிளார்க் வந்தார், உலகமே வந்தது. 2025ல் அவர் காயத்தால் 13 ஆட்டம்தான் ஆடினார். அப்படியும் அரையிறுதியில் ஏசஸை ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரம் வரை இழுத்தோம். 2018லிருந்து எங்கள் தோல்வியெல்லாம் பார்த்த கெல்சி மிட்செல்தான் அந்த அணியைத் தூக்கிச் சுமந்தார். கிளார்க்குக்காக வந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று மிட்செல் பெயர் போட்ட ஜெர்சி அணிகிறார்கள். எந்த வாசல் வழியாக வந்தால் என்ன?

நடுக்கோடு:
வந்த பிறகு எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டியதில்லை என்கிறேன், அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் சியாட்டில் அரங்கத்துக்கு வெளியே சிலை திறந்தார்களே, யாருக்கு? ஸ்டார்ம் சின்னத்துக்கா? சூ பேர்டுக்கு.

ரெட்மண்ட்வாசி:
தம்பி, சூ பேர்ட் 2002லிருந்து 2022 வரை வேறு எந்த அணிக்கும் இந்த லீக்கில் ஆடியதில்லை. நான்கு கோப்பையிலும் இருந்தவர். அவரைத் தனியாக, அணியைத் தனியாகப் பிரித்து அந்தச் சிலையை யாரும் பார்ப்பதில்லை. அவரை உதாரணமாக வைத்து நீங்கள் இருவருமே ஜெயிக்க முடியாது.

லாய்டைப் பேசுங்கள், அதுதான் கடினம். பத்து சீசன் நமக்காக ஆடினார். 2025 ப்ளேஆஃப் முதல் சுற்றில் நம்மை வீட்டுக்கு அனுப்பிய ஏசஸில் அவர் இருந்தார். மூன்றாவது ஆட்டம், 74-73. ஒரே ஒரு புள்ளி.

நடுக்கோடு:
அந்த ஆட்டத்தில் நான் ஏசஸ் பக்கம். லாய்ட் அந்த சீசன் நடுவில் தொடக்க ஐவரிலிருந்து விலகி, பெஞ்சிலிருந்து வருகிறேன் என்று தானே முன்வந்தார். அதற்குப் பிறகுதான் அந்த அணி ஓட ஆரம்பித்தது, கோப்பை வரை போனது. அதைப் பார்த்துவிட்டு அவருக்கு எதிராகக் கத்த எனக்கு வாய் வராது.

பச்சைமஞ்சள்:
எனக்கு வந்தது. அவர் பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் தவற வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆட்டம் முடிந்த பிறகு, ஏசஸ் கோப்பை தூக்கியபோது, அவருக்காகச் சந்தோஷப்பட்டேன். இரண்டும் எனக்குள் இருக்கிறது.

கோமெட்ஸ்_பழசு:
சரி பச்சைமஞ்சள், இதற்குப் பதில் சொல்லுங்கள். லாய்டைக் கொடுத்த அந்த ட்ரேடில் வந்த டிராஃப்ட் வாய்ப்பில்தான் 2025ல் இரண்டாவது ஆளாக டொமினிக் மலோங்காவை எடுத்தோம். பிரெஞ்சுப் பெண், அப்போது பத்தொன்பது வயது. முதல் ஒப்பந்தம் முடிந்ததும் அவரும் கிளம்பினால்?

பச்சைமஞ்சள்:
2023 மே மாதம் ஸ்டூவர்ட் லிபர்ட்டி ஜெர்சியில் முதல் முறை சியாட்டில் வந்தபோது பெயர் சொன்னதும் மொத்த அரங்கமும் கைதட்டியது. மலோங்காவுக்கும் தட்டுவேன். பந்தை மேலே வீசியதும் அவர் எதிரணி.

நடுக்கோடு:
நான் அவர் போகிற அணியின் ஆட்ட அட்டவணையைத் தேடிக்கொண்டிருப்பேன். இந்த விஷயத்தில் நாம் ஒத்துப்போக மாட்டோம். அடுத்த சீசனில் லிபர்ட்டி சியாட்டில் வரும் அன்று இங்கேயே சண்டையைத் தொடரலாம்.

ரெட்மண்ட்வாசி:
அன்றைக்கு நான் அரங்கத்தில் இருப்பேன். இரண்டு பேரும் கத்துவதைப் படிக்க இடைவேளையில் வருகிறேன்.